கால் மணி பின்தங்கிய கடிகாரம்

அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் நான் வேலை பார்த்த பகுதிக்குள் கடிகாரம் கொண்டுபோக முடியாது. தீப்பெட்டி, சாவிக்கொத்து, ஊக்கு என்று பொறி தட்டக்கூடிய எதையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பகல் முழுவதும் ஆலைச் சங்கு ஊதுவதை நம்பிப் பிழைத்தவன் நான். அதனால்தான் எனக்குப் பாக்கெட் கடிகாரப் பைத்தியம் பிடித்தது என்பாள் என் மனைவி. இருக்கலாம்.

சாதாரணக் கடிகாரங்கள் எனக்கு ஆகாது. ஏதாவது ஒன்றின் நினைவாகச் செய்த சுவிஸ் கடிகாரங்கள்தான் வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு துரைமார் ஊர் திரும்பியபோது குன்னூரிலும் ஊட்டியிலும் பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. முடிசூட்டு விழாக் கடிகாரம், ரயில்பாதை திறந்த நினைவுக் கடிகாரம் எல்லாம் அப்படிச் சேர்ந்தவை. எல்லாவற்றிலும் உசத்தி, சுவிட்சர்லாந்தில் நடந்த ஒரு துப்பாக்கி சுடும் திருவிழாவுக்காகச் செய்த வெள்ளிக் கடிகாரம். பின்மூடியில் ஒருவன் முழங்காலிட்டுக் குறிபார்த்துக்கொண்டிருப்பான். வினாடி முள் மட்டும் கிடையாது. மருந்து செய்கிறவன் வீட்டில் சுடுகிறவனும் இருக்கட்டும் என்று வாங்கினேன்.

ரசாயனத்தில் ஊறிய என் விரல் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். ஆகவே காலையில் சாவி கொடுப்பது அவள் வேலை. மாலையில் நான் வீடு வந்ததும் கடிகாரப் பெட்டியைத் திறந்து, சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதோடு சரி. எனக்குக் காதும் மந்தமாகிவிட்டிருந்தது. "ஓடுதா?" என்று கேட்பேன். ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஓடுதுங்க" என்பாள்.

ஒரு மழைக்காலத்தில் ரயில்பாதைக் கடிகாரம் நின்றுபோனது. ஈரம் ஏறித் துருப்பிடித்திருந்தது. உதிரிபாகம் கிடைக்காது என்று கைவிரித்துவிட்டார்கள். சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், எழவு வீட்டுக்காரனைப்போல் பல நாள் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கடுத்த வருஷம் துப்பாக்கிக் கடிகாரம் பின்தங்கத் தொடங்கியது. தினமும் சரியாகக் கால் மணி. காலையில் சரிசெய்து வைத்ததாகச் சொல்வாள். மாலையில் பார்த்தால் மறுபடியும் கால் மணி குறைவு. சுவிஸ்காரன் பிசகினாலும் ஒழுங்காகத்தான் பிசகுவான் என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன். லீவு நாட்களில் மட்டும் பெட்டியைத் திறக்க விடமாட்டாள். "ஏனுங்க, அதுகளுக்கும் ஒரு நாள் லீவு வேணுமில்லீங்களா?" என்பாள். அதுவும் எனக்கு நியாயமாகவே பட்டது.

நாலைந்து வருஷம் கழித்து நெஞ்சில் நீர் கோத்து அவளைக் குன்னூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் காலை, கையில் துணி சுற்றிக்கொண்டு நானே சாவி கொடுத்தேன். துப்பாக்கிக் கடிகாரத்தில் சாவி அசையவே இல்லை. பதறிப்போய் ஊட்டி மார்க்கெட்டில் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன்.

"இது நின்னு நாலஞ்சு மழைக்காலம் ஆயிருக்குமுங்க" என்றார்.

"முந்தாநாள்வரைக்கும் ஓடுச்சுங்க, கால் மணிதான் மெதுவு" என்று அவரோடு சண்டைக்குப் போனேன். அவர் திறந்து காட்டினார். சக்கரங்களெல்லாம் ஒரே துருக்கட்டி. முள்ளைத் திருப்பும் இடம் மட்டும் தேய்ந்து பளபளவென்றிருந்தது.

அன்று மாலை அதை மடியில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது ஐந்து மணிச் சங்கு ஊதியது. நான் வழியில் டீக்கடையில்கூட நிற்காதவன். சங்கு ஊதிய கால் மணியில் வீட்டில் இருப்பேன். அப்போதுதான் உறைத்தது. நான் மறுபடியும் எழவு காத்து உட்காரக் கூடாதென்று, சங்கு கேட்டதும் தினமும் முள்ளை ஐந்தில் திருப்பி வைத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு அன்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"அந்தத் துப்பாக்கி வாச்சு ஓடுதுங்களா?"

"ஓடுது. எப்பவும்போல கால் மணி மெதுவா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையை இழுத்துத் தன் கம்பளிக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் வீடு திரும்பவில்லை.

இப்போது நான் ஓய்வுபெற்றுவிட்டேன். ஐந்து மணிச் சங்கு ஊதியதும் முள்ளை ஐந்தில் வைத்துப் பெட்டியை மூடுகிறேன். கால் மணி கழித்துத் திறந்து பார்க்கிறேன். லீவு நாட்களில் தொடுவதில்லை.