முன்னால் மூன்று டபிள்யூ

கண் ஆஸ்பத்திரியின் இணையதளத்தை எழுதியவன் அவன்தான். இருந்தும் சொந்த அக்காவுக்கு அதில் டாக்டரைப் பார்க்க ஒரு நேரம் வாங்கித் தர வக்கில்லை. கண் மங்குகிறது, தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள் என்று கண்ணாடிக்கடைக்காரர் அவளை எச்சரித்திருந்தார். "நீயே போட்டுக் கொடேன்டா" என்று கேட்டால், "குழந்தைகூடச் செய்யும்" என்பான்.

தினமும் காலையில்தான் நேரம் திறக்கும், திறந்ததும் பறந்துவிடும். அக்கா ஓடிபி போட்டு உள்ளே நுழைவாள். நேரம் காட்டும் பக்கத்துக்குத் தாவும்போது, யார் எவரென்றே தெரியாததுபோல் தளம் மறுபடி ஓடிபி கேட்கும். அது வருவதற்குள் எல்லாம் தீர்ந்திருக்கும்.

"உள்ள விட்டுட்டு கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுதுடா."

"என்கிட்ட நல்லாதானே ஓடுது? நீ எதையாவது தப்பா அமுக்கியிருப்ப."

புகார் எழுதிய மற்றவர்களுக்கும் இதே பதில்தான். அவன் கம்ப்யூட்டரில் ஓடிவிட்டால் உலகத்தில் மற்றவர்களுக்கெல்லாம் கை கோணல் என்று நினைப்பு.

பொறுத்துப் பார்த்த அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து, அவன் மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நான் என்ன தப்பா அமுக்குறேன்னு இப்பப் பாரு."

அவளுடைய பழகிய விரல் போனில் முகவரியைத் தட்டியது. முதலில் மூன்று டபிள்யூ, பிறகு ஆஸ்பத்திரியின் பெயர். அவன் அந்த மூன்று எழுத்தை ஆயுசில் தட்டியதில்லை, சோம்பேறி. அவன் எழுதிய தளமோ, டபிள்யூ போட்டு நுழைந்தவர்களைப் பாதி வழியில் டபிள்யூ இல்லாத முகவரிக்கு அனுப்பியது. மனிதருக்கு இரண்டும் ஒரே வீடு, பிரவுசருக்கு வேறு வேறு. இவள் இன்னார் என்று சொல்லும் குக்கி என்ற அடையாளச் சீட்டு முதல் வீட்டிலேயே தங்கிவிட்டது. அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

எப்படி வந்தாலும் ஓடிபிக்கு முன்பே ஒரே முகவரிக்குக் கொண்டுபோகும்படி மாற்றினான். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

"இதுக்குத்தானா என்னை இப்படி அலையவெச்ச?" என்றாள்.

அன்றிரவு அங்கேயே தங்கினாள். காலையில் ஒரே ஓடிபியில் நேரங்கள் வரிசையாக வந்து நின்றன. அவனுக்கு நிம்மதி.

"எது வேணும்னு பார்த்து அமுக்குக்கா."

அவள் போனைக் கிட்டே கொண்டுவந்தாள், தள்ளிப் பிடித்தாள், பிறகு அவன் கையில் கொடுத்தாள்.

"நீயே அமுக்குடா. எட்டா, ஆறான்னு தெரியல. போன வாரம்கூடத் தெரிஞ்சுது."