முகத்துக்கு வைத்த கரண்ட்

அக்காவுக்கு மோவாயில் முடி வளர்ந்தது. பூனைமுடி இல்லை, கறுத்து, முரட்டு முடி. கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனியும் அரைத்துப் பூசியதில் முகம் மஞ்சளானதுதான் மிச்சம். தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு இடுக்கியால் பிடுங்கிவிட்டுத்தான் வேங்கிக்காலுக்கு ஆபீஸ் போவாள். இரண்டாயிரம் பிறந்த சமயம், கீழ்பென்னாத்தூரில் ஒரு வரன் தகைந்தது. மாப்பிள்ளையை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கல்யாணத்துக்குள் இந்த முடியைத் தொலைத்துவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்தாள்.

வேலூரில் ஒரு தோல் டாக்டரிடம் அம்மா கூட்டிப்போனாள். அவர் ஒவ்வொரு முடியின் வேரிலும் மெல்லிய ஊசியை இறக்கி, துளிக் கரண்ட் விடுவார். வேர் கருகிவிடும், மறுபடி முளைக்காது என்றார். அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர். அம்மா வாயில் அது நுழையவில்லை. எங்கள் வீட்டில் அது 'கரண்ட் வைக்கிறது' ஆகிவிட்டது.

வந்தது வினை. ஒருநாள் அவர்கள் வேலூரிலிருந்து திரும்பும்போது எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னாங்க, பொண்ணுக்கு மூஞ்செல்லாம் செவந்து கெடக்குது?"

முடி என்று சொல்ல அம்மாவுக்கு நாக்கு கூசியது. "வேலூர்ல டாக்டரு கரண்டு வெக்கறாருங்க, அதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

கரண்ட் வைப்பது யாருக்கு என்று எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். புத்தி பேதலித்தவர்களுக்குத்தான். சேதி கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? அந்த வாரமே மாப்பிள்ளையின் அம்மா வந்து உட்கார்ந்துவிட்டார்.

"பொண்ணு மெண்டல்னு பேசிக்கறாங்க. கரண்டு வெச்சது நெஜமா, பொய்யா? அத மட்டும் சொல்லுங்க."

அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சொல்லித் தொலையேன்! கடைசியில் அக்காதான் உள்ளேயிருந்து வந்தாள்.

"நெஜந்தாங்க. ஆனா தலைக்கு இல்ல. எனக்குத் தாடி மொளைக்குது. அத எடுக்கத்தான் கரண்டு."

அந்தம்மா அவள் மோவாயை உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"பொம்பளைக்குத் தாடியா? நல்ல கூத்துடியம்மா!" என்று எழுந்தார். "எங்க பையனுக்கு வேற எடம் பாத்துக்கறோம்."

அவர் தெருமுனை தாண்டியதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி! பைத்தியம்னே உட்டிருக்கலாம்டி. கொணமாயிடுச்சின்னு சொல்லி வேற எடத்துலயாவது குடுத்திருப்பேன். தாடின்னு உன் வாயாலயே சொல்லிட்டியே, இனிமே எவன்டி வருவான்?"

அக்கா அழவில்லை.

"அப்போ, நான் பைத்தியமா இருந்தா ஒனக்குப் பரவால்லியாம்மா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா சொல்லவில்லை.