தீப்பெட்டி ஜீப்புகள்

மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் நான் வாத்தியாராகச் சேர்ந்த புதிது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் அவர்களுடைய பிள்ளைகளை, பள்ளியை ஒட்டியிருந்த பிள்ளைக்காம்பரா என்ற குழந்தைகள் காப்பகத்தில் ஓர் ஆயாம்மா பார்த்துக்கொள்வார். தடித்த கண்ணாடி, இடுப்பில் எப்போதும் ஒரு குழந்தை. எல்லாக் குழந்தைகளும் அவருக்கு ‘மவராசா’தான்.

ஞாயிற்றுக்கிழமை தாய்மாருக்குக் காட்டுவதற்காக, காலித் தீப்பெட்டிகளைச் சோற்றுப் பசையால் ஒட்டி, சோடா மூடிகளைச் சக்கரமாக்கி, குழந்தைகளும் நானும் ஜீப்புகள் செய்தோம்.

“பத்திரமா வெச்சுக்கிடுதேன் சார்” என்று ஆயாம்மா வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை நல்ல மழை. அடுப்புச் சாம்பலில் சோடா மூடிகள் மட்டும் கிடந்தன.

“உங்கள நம்பித்தானம்மா கொடுத்தேன்!”

“வெறகு பூரா நனைஞ்சு போச்சு சார். பிள்ளைகளுக்குப் பால் காய வேணாமா? தீப்பெட்டிதானே, நல்லாப் பத்திக்கிச்சு.”

பிறகு அழுத குழந்தைகளிடம் திரும்பினார். “அழாதீக மவராசா. சார் நாளைக்குப் பெரிய லாரியே செஞ்சு தருவாரு.”

அழுகை நின்றது. அவர் மடியில் ஏறிப் பால் குடித்தபடி, லாரி எங்கே என்று என்னைத்தான் முறைத்தார்கள்.

எனக்கும் ஒரு தம்ளர் நீட்டினார். நான் வாங்கவில்லை. அதற்காக அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்தக் கோபம்தான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.