போன் நடந்த தூரம்

முதல் வாரத்திலேயே என் வீட்டுக்காரர் பறந்துவிட்டார். காலையில் நடக்கப் போன மனுஷன், தேயிலை மலையைச் சுற்றி வளைந்து போகிற ரோட்டை விட்டுவிட்டு, ஆற்றுக்கு மேலே நேர்கோடாகப் பறந்து எதிர்மலையில் இறங்கி, அதே வழியில் திரும்பி வந்திருப்பதாகப் போன் கோடு போட்டுக் காட்டியது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. "தூரம் எவ்வளவு காட்டுது, அதப் பாரு" என்றுதான் கேட்டார்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் தூரத்தை விட்டால் வேறு பேச்சே கிடையாது. யுத்தம் முடிந்த வருஷம் அது. ராகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் அவர் கணக்கப்பிள்ளை. கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு மலை பிரித்துக் கொடுத்து, நாள் முழுக்க ஏறி இறங்கி வேலை பார்க்கிற உத்தியோகம். ஒருநாள் உச்சி மலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நுவரெலியாவில் பார்த்த டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். மாத்திரையை எழுதிவிட்டு, இவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஒரு மாசம் நடக்கட்டும். நிக்காமல் மூண்டு கிலோமீற்றர் நடக்க ஏலுமெண்டால் வேலைக்குப் போகலாம். நடக்கேக்க நெஞ்சு நோகுதெண்டால் ஒருநாளும் மறைக்கக் கூடாது. உடன கூட்டிக்கொண்டு வாங்கோ, கண்டிக்கு அனுப்பி ரத்தக் குழாயப் படம் பிடிச்சுப் பாக்கோணும். பிந்தினால் நான் ஒண்டும் செய்யேலாது."

கண்டி என்றதுமே இவர் முகம் செத்துப்போனது. இவருடைய அண்ணன் இதே நோவோடு வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போனவர். பெட்டியில்தான் வந்தார். திரும்பி வந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "நடந்து காட்டிட்டாப் போச்சு" என்றார்.

நடந்தாரா இல்லையா என்று யார் பார்ப்பது? காலையில் நான் சமைத்து வைத்துவிட்டு ராகலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அங்கே ஒரு கொமியூனிகேஷன் கடையில் எனக்கு வேலை. போனுக்குக் காசு ரீலோட் போடுவது, போட்டோ கொப்பி எடுப்பது, கெட்டுப்போன போனைக் கழற்றிப் பார்த்துப் பூட்டிக் கொடுப்பது. கட்டாரில் இருந்த என் தம்பி அப்போதுதான் லீவில் வந்து, ஜிபிஎஸ் உள்ள போன் ஒன்றை மாமாவுக்கென்று கொடுத்துவிட்டுப் போயிருந்தான். நடக்கிற தூரத்தை அளக்கிற சொஃப்ட்வெயார் ஒன்று அதில் இருந்தது. தொடங்கும்போது ஒரு பட்டன், முடிக்கும்போது ஒரு பட்டன். நடந்த வழியை வெறும் திரையில் கோடாகப் போட்டு, தூரத்தையும் வேகத்தையும் கீழே எழுதிக் காட்டும். ஊர், ரோடு, ஆறு எதுவும் அதில் தெரியாது. தெரிந்த வழியை மனதில் வைத்துக்கொண்டு நாமேதான் பொருத்திப் பார்க்க வேண்டும். டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்ட இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் ஆற்றுக்கு மேலே பறக்கிற கோட்டை எந்த டொக்டரிடம் காட்டுவது? வானம் தெரியாத இடத்தில் போனுக்குச் சட்டலைட் கிடைக்காது, யூகலிப்டஸ் காட்டுக்குள் நுழைந்தால் தொலைத்துவிடும், வெளியே வந்ததும் இருந்த இடத்துக்கும் வந்த இடத்துக்கும் ஒரு கோட்டை இழுத்துவிடும் என்று தம்பி போனில் சொன்னான். அதனால் காட்டு வழியே போகாமல் மேல் ரோட்டால் போகச் சொன்னேன். வாசலில் நின்று போன் இடம் பிடிக்கும்வரை பொறுமையாக இருக்கச் சொன்னேன். காற்சட்டைப் பையில், ஸ்வெட்டருக்கு அடியில் போட்டுப் புதைக்காமல் சட்டைப் பையில் வைக்கச் சொன்னேன். கடை முதலாளி மட்டும் என்னைக் கூப்பிட்டு, அந்தக் கோட்டுப் படத்தை வெளியே யாரிடமும் காட்டிக்கொண்டு திரியாதே என்றார். தமிழ் ஆள் மலையில் மேப் கீறுகிறான் என்று ஆமியோ பொலிஸோ பிடித்துப் போனால் நெஞ்சு நோவெல்லாம் மறந்துபோகும் என்றார். அவர் சொன்னதும் சரிதான். அப்போது காலம் அப்படி.

பறப்பது நின்றது. தூரமும் ஒழுங்காக வந்தது. எங்கள் வீட்டிலிருந்து மேல் ரோட்டுப் பிள்ளையார் கோவில் ஒரு கட்டை, அதாவது ஒரு மைல். போய் வந்தால் மூன்று கிலோமீற்றரும் கொஞ்சமும். போனும் தினமும் அதைத்தான் காட்டியது. "கோவிலுக்குப் போயி கும்புட்டுட்டுத்தான் வர்றேன்" என்று அவரும் சொன்னார். நெற்றியில் விபூதி இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. கோட்டின் ஒரு முனையில் தினமும் ஒரு சிக்கல் இருந்தது. சீப்பிலிருந்து உருவி எடுத்த முடி போல, போயும் வந்தும் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கிறுக்கல். வேகமோ எறும்பு வேகம். தலையில் விறகுக் கட்டோடு போகிற கிழவி கூட இதைவிட வேகமாகப் போவாள். ஊரார் போனையெல்லாம் சரிப்படுத்துகிறவள் வீட்டில் ஒரு கோணல் போனா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. செட்டிங்கை மாற்றினேன். பற்றரியைக் கழற்றி மாட்டினேன். சொஃப்ட்வெயாரை அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும் என்றபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"நல்லாத்தானே ஓடுது. சும்மா கெடக்குற சங்க எதுக்கு ஊதிக் கெடுக்குற?" என்று போனை என் கையிலிருந்து பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிடுங்குகிற மனுஷனில்லை அவர். எனக்குச் சுருக்கென்றது. வேலைக்குப் போகாமல் வீட்டில் கிடக்கிற ஆம்பிளைக்கு வருகிற கோபம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

கிளினிக்குக்கு முதல் நாள், அவர் நடந்துவிட்டு வந்து முகம் கழுவப் போன சமயம் பார்த்துப் போனை என் பைக்குள் போட்டுக்கொண்டேன். குழாயடியில் நின்றுகொண்டே அவர் சொன்னார், இன்றைக்குத் தோட்ட மேனேஜர் பெரிய தொரை உச்சி மலையில் புதுத் தேயிலைக் கன்று போட்ட இடத்தைப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறாராம், தான் பதினொரு மணிபோல ஏறப்போகிறாராம், அடுத்த வாரம் வேலைக்குத் திரும்புவதாகச் சொல்லிவிட்டாராம். டொக்டரைப் பார்க்க முன்னமேயே என்ன அவசரம் என்று கேட்டேன். "அதான் தெனமும் மூணு கிலோமீற்றர் நடக்குறேனே" என்றார்.

பஸ்ஸில் ஒரு பரீட்சை பார்ப்போம் என்று பட்டனை அழுத்திவிட்டேன். ராகலையில் இறங்கும்போது திரையைப் பார்த்தால், ஒரு சிக்கல் இல்லை, ரோட்டு வளைவெல்லாம் வளைவாகவே வந்திருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்த மாதிரி நான் நல்ல போனைக் குறை சொல்லியிருக்கிறேன். பிறகு ஏன் இவர் கையில் மட்டும் கிறுக்குகிறது? கடையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்களைக் கொப்பி எடுக்க வந்து காத்திருந்தார்கள். போனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வேலையில் இறங்கினேன். நிறுத்துகிற பட்டனை அழுத்த மறந்துபோனேன்.

கொப்பி எல்லாம் முடிந்து திரும்பி எடுத்துப் பார்த்தால், ஜன்னலில் இருந்த போன் ஐந்து கிலோமீற்றருக்கு மேலே நடந்திருந்தது. நான் வாய்விட்டே சிரித்தேன். பஸ் வந்த அழகான கோடு கடை வாசலில் முடிய, அங்கே ஒரு சிக்கல். அதே முடிச் சிக்கல்.

சிரிப்புப் பாதியில் நின்றது. சட்டலைட் ஒரு இடத்தைச் சரியாகச் சொல்லாது, கொஞ்சம் அங்கே, கொஞ்சம் இங்கே என்று தடுமாறும் என்று தம்பி சொல்லியிருந்தான். நடக்கிறவன் நடந்தால் அந்தத் தடுமாற்றம் தெரியாது. அசையாமல் வைத்திருந்தால் அந்தத் தடுமாற்றத்தையெல்லாம் நடை என்று நினைத்து இந்தப் போன் கூட்டிக்கொண்டே போகிறது. அப்படியென்றால் சிக்கல் விழுந்த இடத்தில் அவர் நடக்கவில்லை. உட்கார்ந்திருக்கிறார்.

போனில் பழைய நடையெல்லாம் வரிசையாகக் கிடந்தது; ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க அதுவரை எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்தேன். மேல் ரோட்டால் போகத் தொடங்கிய முதல் வாரத்துக் கோடு நீளமாகப் போய், முடிவில் சின்னதாக ஒரு சிக்கல். அடுத்த வாரம் கோடு குட்டையாகிவிட்டது, சிக்கல் பெருத்துவிட்டது. அதற்கடுத்த வாரம் இன்னும் கிட்டே. அன்று காலையில் நடந்ததைத் திறந்தேன். கோடு என்று சொல்லவே ஒன்றுமில்லை. எங்கள் வீட்டுக்கு மேலே ரோடு திரும்புகிற முதல் வளைவிலேயே, குருவிக்கூடு மாதிரி ஒரு கறுப்பு. ஆனால் கீழே எழுதியிருந்த தூரம் மட்டும் எல்லா நாளும் ஒன்றுதான். அந்த எண்ணிக்கை வரும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எழுந்து வந்திருக்கிறார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனுஷன். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தரையில் அடித்திருப்பேன். அதற்குள் மணியைப் பார்த்தேன். பதினொன்று தாண்டிவிட்டது. கூப்பிட்டு நிறுத்தலாம் என்றால் அவருடைய போன் என் கையில் இருக்கிறது.

தோட்டத்து ஆபீசுக்குக் கடை போனிலிருந்து அடித்தேன். கிளாக்கர் எடுத்தார். கணக்கப்பிள்ளை ஐயா இப்போதுதான் மேலே போனார் என்றார். தொரை ஜீப்பில் ஏறச் சொன்னாராம். குறுக்கு வழியாக நடந்தே வந்துவிடுகிறேன், இப்ப நான் தெனமும் நடக்குற ஆள் என்று சொல்லிவிட்டாராம். யாரையாவது பின்னால் அனுப்பி நிறுத்தச் சொன்னேன். கணக்கப்பிள்ளை ஐயாவை யார் நிறுத்துவது என்று அந்த ஆள் சிரித்தார். செத்தா நீங்க வந்து தூக்குவீங்களா என்று கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தேன்.

கடையை முதலாளியிடம் விட்டுவிட்டு ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்தேன். ஆட்டோக்காரர் சிங்களவர், எங்கள் தோட்டத்துக்கு அடிக்கடி வருகிறவர். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லி, நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் பள்ளம் மேடு பார்க்கவில்லை. மூடுபனி இறங்கி ரோடே தெரியவில்லை. முருகா முருகா என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். குறுக்கு வழி உச்சி மலைக்கு நேர் ஏற்றம். இளவட்டங்களுக்கே மூச்சு வாங்கும். அவர் பாதி வழியில் விழுந்திருந்தால் இந்தப் பனியில் யார் கண்ணில் படும்? அந்த நினைப்பிலேயே ஆட்டோவில் வைத்து அழுதேன்.

எங்கள் வீட்டைத் தாண்டி முதல் வளைவில் ஆட்டோ திரும்பியதும் அவரைக் கண்டேன். குறுக்கு வழி அந்த வளைவிலிருந்துதான் ஏறுகிறது. அவர் ஏறவில்லை. ரோட்டோரத்து மதகுக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். கொழுந்துப் பெண்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி, மழைக்கு இடுப்பில் கட்டுகிற படங்கை அவிழ்த்து அவருக்குக் கீழே விரித்திருந்தாள். அவர் உதடு வெளுத்திருந்தது.

"கொஞ்ச நாளா தெனமும் இங்கதாங்க்கா ஒக்காந்திருப்பாரு" என்றாள் அவள். "காலையில பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போறப்ப பாப்போம். ஒங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

மூன்று பேரையும் சேர்த்து அறைய வேண்டும்போல இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த போனைத்தான் பார்த்தார்.

"நடக்கலன்னு எனக்குத் தெரியும்" என்றார். குரல் வெளியே வரவில்லை. "இங்கதான் ஒக்காந்திருந்தேன். ஆனா மூணு கிலோமீற்றர்னு அது தெனமும் சொல்லிச்சு. மொத நாளு சிரிச்சேன். அப்பறம் அது சொல்றதுதான் உண்மையா இருக்கும்னு நெனச்சேன். இன்னிக்கு ஏறிருவேன்னுதான் வந்தேன்."

எனக்கு ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. போனைப் பைக்குள் போட்டேன். "இப்பவே நுவரெலியாவுக்குப் போறோம். டொக்டரு சொன்னா அங்க இருந்தே கண்டிக்கும் போறோம்" என்றேன். வேண்டாம் என்பார், அண்ணனைச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தலையை ஆட்டினார்.

வளைவில் திருப்ப இடமில்லாமல் ஆட்டோ கொஞ்சம் கீழே நின்றது. நான் கையைக் கொடுத்தேன். அவர் பிடிக்கவில்லை. மலையில் பனி விலகி, மேலே தேயிலை நிரையில் நின்ற பெண்கள் எல்லாரும் கூடையோடு திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளை உட்காருவதை அவர்கள் பார்க்கக் கூடாது, பொண்டாட்டி கையைப் பிடித்து நடப்பதைப் பார்க்கவே கூடாது. அவர் தானாக எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் நின்றார். திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார்.

ஓடிப்போய்ப் பிடித்தேன். கை சில்லென்று வேர்த்திருந்தது. அவசரத்தில் நான் இழுத்துக்கொண்டு நடந்தேன் போல.

"மெதுவா நட" என்றார், மேலே நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி. "என்னால ஏலாது."