அந்தத் துறையில் படகு நிற்கவில்லை

மூன்று வருடங்களுக்கு முன்பு, தசரா லீவில், மனைவியையும் எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு கேரளாவில் இருக்கும் கொல்லத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு மத்தியான வேளையில், ஏரி நடுவில், ஒரு படகுக்குள் நடந்தது இது.

நான் பெங்களூரில் வேன் ஓட்டுகிறேன். வீடு லிங்கராஜபுரம். வைட்ஃபீல்ட் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்குவது வேலை. வருடம் முழுக்க டிராஃபிக்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு லீவு கிடைத்தால் தூங்கத்தான் தோன்றும். மனைவி விடவில்லை. அல்சூர் ஏரியைத் தவிர வேறு தண்ணீரையே பார்க்காமல் பிள்ளை வளர்கிறாள் என்பது அவளுடைய குறை. கொல்லத்தில் கடலும் இருக்கிறது, பெரிய ஏரியும் இருக்கிறது, சாயங்காலம் ரயில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம் என்று அவளுடைய ஸ்கூலில் கூட வேலை செய்யும் டீச்சர் சொல்லியிருக்கிறார். கிளம்பிவிட்டோம்.

முதல் நாள் முழுக்கக் கடல். மகள் முதலில் என் காலைக் கட்டிக்கொண்டு அலையைப் பார்த்து அலறினாள். அரை மணி நேரம் கழித்து அவளைக் கரைக்கு இழுத்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பிறகு தங்கசேரி கலங்கரை விளக்கத்தில் ஏறினோம். மேலே இருந்து பார்த்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னந்தோப்புக்குள் ஒளிந்திருக்கும் ஊர். மீன்பிடித் துறைமுகத்தில் வரிசையாக நின்ற படகுகளை மகள் எண்ண ஆரம்பித்து, நாற்பதுக்கு மேல் குழம்பிப்போய் விட்டுவிட்டாள். அப்படி ஒரு நல்ல நாள் எங்களுக்கு வெகுநாளாக வாய்க்கவில்லை.

மறுநாள் ஏரிக்குப் போனோம். அங்கே அதைக் காயல் என்கிறார்கள். கைவிரல்களை விரித்தது போல அதற்கு எட்டுக் கிளைகள். நடுவில் இருக்கும் தீவுகளுக்குப் பஸ் மாதிரி ஒரு படகு போய்வருகிறது. ஒவ்வொரு துறையாக நின்று, ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டு போகும். கூடையோடு ஏறுபவர்கள், புத்தகப் பையோடு இறங்குபவர்கள் என்று பார்த்தபோது, நம்ம ஊர் பஸ்ஸைத் தூக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டது போலத்தான் இருந்தது எனக்கு.

லாட்ஜிலிருந்து கிளம்பும்போது மனைவி தன் பெரிய ஹேண்ட்பேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "படகுல போறதுக்கு எதுக்கும்மா இந்த மூட்டை? மொபைல மட்டும் எடுத்துக்க, போதும்" என்று நான்தான் சொன்னேன். அவளும் பேக்கைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, பிள்ளையின் மாற்றுத் துணி இருந்த பையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

தீவில் இறங்கிச் சுற்றினோம். வலைகளைப் பார்த்தோம். திரும்பும் படகுக்கு நேரம் இருந்ததால் துறைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும், சிவப்பாக ஒரு தேங்காய்ச் சட்னியும் வைத்தார்கள். மகளுக்கு அந்தச் சட்னி பிடித்துப்போனது. இன்னொரு கரண்டி வாங்கி நானே அவள் தட்டில் போட்டேன். மீன் குழம்பு வேண்டாம் என்று சொல்லியிருந்தோம், அதனால் பயம் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

முந்தின வருடம் சந்தாபுராவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இறால் சாப்பிட்டு அவளுக்கு முகமெல்லாம் வீங்கியிருந்தது. இனி இறாலும் நண்டும் கூடவே கூடாது, இந்த மாத்திரை எப்போதும் கையில் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரை மனைவியின் ஹேண்ட்பேக்கில் இருந்தது. ஹேண்ட்பேக் லாட்ஜில் இருந்தது. அந்தச் சட்னியில் காய்ந்த இறாலை வறுத்து அரைத்துப் போடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது.

படகில் ஏறி உட்கார்ந்தோம். துணிப்பையைப் பக்கத்து இருக்கையில் வைத்திருந்தேன். அறுபது வயதை நெருங்கிய ஒரு அம்மா, வெள்ளைப் புடவையில், கடைசி நிமிடத்தில் வேகவேகமாக ஏறினார். என்னிடம் எதுவும் கேட்காமல், பையை எடு என்று கையால் சைகை காட்டினார். முகத்தில் சிரிப்பே இல்லை. எடுத்தேன். எடுத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பி, "படகே இவங்க வீட்டுது போல, அதிகாரத்தைப் பாரு" என்று தமிழில் முணுமுணுத்தேன். அந்த அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. என்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

படகு கிளம்பிப் பத்து நிமிடம் இருக்கும். மகள் கழுத்தைச் சொறிந்தாள். வெயில் என்று நினைத்தோம். அடுத்து உதடு தடித்தது. கண் சுருங்கியது. வாந்தி எடுத்தாள்.

"ஏங்க, இங்க பாருங்க! அன்னிக்கு மாதிரியே வீங்குது... மாத்திரை லாட்ஜ்ல பேக்குக்குள்ள இருக்கே!" என்றாள் மனைவி.

"பாப்பா, என்னம்மா செய்யுது?" என்று கேட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தவளுக்குக் குரலே வரவில்லை. மூச்சு விசில் மாதிரி வந்தது. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

சுற்றிலும் தண்ணீர். ரோடு இருந்தால் ஓட்டிக்கொண்டு பறந்திருப்பேன். பன்னிரண்டு வருடமாக ஸ்டியரிங் பிடித்த கைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கரை சேர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒவ்வொரு துறைக்கும் ஒரு கிளைக்குள் வளைந்து போய் வளைந்து வர வேண்டும்.

பக்கத்தில் இருந்த அந்த அம்மாதான் முதலில் எழுந்தார். மகளின் முகத்தைத் தூக்கிப் பார்த்தார். மனைவியிடம், "என்ன கழிச்சது? செம்மீனா?" என்று கேட்டார். என்ன சாப்பிட்டாள், இறாலா என்கிறார். கிழங்கும் சட்னியும் என்று அழுதபடி மனைவி சொன்னதும், "ஐயோ, சம்மந்தியில உணக்கச் செம்மீன் உண்டு மோளே" என்றார். சம்மந்தி என்றது அந்தச் சட்னியை, உணக்கச் செம்மீன் என்றது காய்ந்த இறாலை. அவருக்குத் தமிழ் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கப்படக்கூட நேரமில்லை.

அவர் முன்னால் போய்ப் படகு ஓட்டுபவரிடம் மலையாளத்தில் ஏதோ சொன்னார். படகுக்காரர் திரும்பி மகளைப் பார்த்தார். கயிறு போடும் ஊழியர் நடுவில் வந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். மலையாளம்தான், ஆனால் புரிந்தது. குழந்தைக்கு ஆபத்து, எங்கும் நிற்காமல் நேராகக் கொல்லம் போகட்டுமா?

முப்பது பேராவது இருந்தார்கள். அவர்கள் என்ன சொல்வார்களோ என்று நான் பயந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இதை இதுவரை நான் வெளியில் சொன்னதில்லை.

கொல்லம் போவதற்கு ஒரு வருடம் முன்பு, ஒரு சாயங்காலம், என் வேனில் வந்த ஒரு பெண்ணுக்கு வயிற்று வலி. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணா என்று கெஞ்சினாள். பின்னால் இரண்டு மூன்று பேர், எங்களை இறக்கிவிட்டுப் போங்க, பதினைந்து நிமிஷம்தானே என்றார்கள். நான் அவர்கள் சொன்னதைக் கேட்டேன். நான்கு பேரை இறக்கிவிட்ட பிறகுதான் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். குடல்வால் ஆபரேஷன். ஒரு மாதம் கழித்து மறுபடி வேலைக்கு வந்து என் வேனிலேயே ஏறினாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏற்றிய ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் அன்று அந்தப் படகில் நான் அப்படிப் பயந்தேன்.

வெள்ளைப் புடவை அம்மா கையைத் தூக்கினார். அடுத்த துறை என்னுடையது, நான் இறங்கவில்லை, நேராக விடு என்றார். அவ்வளவுதான். பின்னாலிருந்து ஒருவர், "போட்டே, போட்டே" என்றார். போகட்டும் என்று அர்த்தம். படகு முழுக்க அதே குரல். எஞ்சின் சத்தம் கூடியது. படகு கிளைக்குள் திரும்பாமல் நடுக்காயலில் நேராகப் போனது.

அந்த அம்மா திரும்பி வந்து மகளைத் தன் மடியில் சாய்க்காமல் நிமிர்த்தி உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டார். "உறங்கக்கூடாது. என்னைப் பாரு. பெங்களூர்ல என்னெல்லாம் உண்டு? தலையாட்டினா போதும். ஆனை உண்டா? கடல் உண்டா?" மகள் இல்லை என்று தலையாட்டினாள். "கடல் இல்லாத ஊரா! அப்ப இங்கயே இரு." வழி முழுக்க இப்படி ஏதாவது கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு கை மகளின் முதுகில், ஒரு கை என் மனைவியின் தோளில்.

தூரத்தில் ஒரு துறையில் நின்றிருந்த ஒருவர், படகு நிற்காமல் போவதைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார். அந்த அம்மா எழுந்து, நீங்கள் போங்கள் என்பது போலக் கையசைத்தார். போனை எடுத்து இரண்டே வார்த்தை பேசினார். அழைத்துப்போக வந்த சொந்தக்காரர் என்று நினைத்தேன்.

கொல்லம் படகுத்துறையில் ஆட்டோ தயாராக நின்றது. படகு ஊழியர் போனில் சொல்லியிருந்தார். அந்த அம்மா ஆட்டோ வரைக்கும் வந்தார். "பேடிக்க வேண்டாம், பயப்படாதே" என்று மனைவியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் படகுக்கு நடந்தார். நன்றி சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள், ஆக்ஸிஜன் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த விசில் சத்தம் குறைந்தது. மகள் கண்ணைத் திறந்து, தண்ணீர் வேண்டும் என்று கேட்டாள். நேரத்துக்குக் கொண்டு வந்துவிட்டீர்கள், இன்னும் தாமதித்திருந்தால் சிரமம்தான் என்றார் டாக்டர். நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். அதற்கு அடுத்த நாள் மூவரும் படகுத்துறைக்குப் போனோம். அதே ஊழியர் இருந்தார். மகளைப் பார்த்ததும் ஓடிவந்து தூக்கிக்கொண்டார். அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அவர் முகம் மாறியது.

"சேச்சியையா? அன்னிக்கு அவங்க அண்ணனுக்கு அடக்கம். அங்கதான் போயிட்டிருந்தாங்க" என்றார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர் சொல்லிச் சொல்லித்தான் புரிந்தது. அண்ணன் இறந்தது முந்தின நாள். இரவெல்லாம் அங்கே இருந்துவிட்டு, குளித்து உடை மாற்றிவரக் காலையில் தன் வீட்டுக்கு வந்திருக்கிறார். மூன்று மணிக்கு அடக்கம். பாதிரியாருக்கு வேறு ஊரில் ஒரு சடங்கு இருந்ததால் காத்திருக்க முடியாது. எனக்காக அடக்கத்தை நிறுத்திவைக்க வேண்டாம் என்றுதான் அன்று படகிலிருந்து போனில் சொல்லியிருக்கிறார். படகு அவரை அந்தத் துறையில் கொண்டுபோய் விடும்போது நாலு மணி ஆகிவிட்டது.

அதே படகில் ஏறி அந்தத் துறையில் இறங்கி, விசாரித்து அண்ணன் வீட்டைக் கண்டுபிடித்தோம். துக்க வீடு. முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இன்னும் கிடந்தன. அந்த அம்மா எங்களைப் பார்த்ததும் இறங்கிவந்து மகளின் உதட்டை, கண்ணை, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, எங்களால..." என்று ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

"நாப்பது நாள் ஆஸ்பத்திரியில அண்ணன்கூட நான்தான் இருந்தேன் மோனே. உயிர் போறப்ப கையைப் பிடிச்சிட்டிருந்ததும் நான்தான். மண்ணு போடறதை நான் பார்க்கலைன்னா அண்ணன் கோவிச்சுக்க மாட்டார்" என்றார். அது நிஜமா, எங்களுக்காகச் சொன்னதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

அன்றைக்குப் படகில் உங்களைத் தப்பாகப் பேசிவிட்டேன் என்றேன். "கேட்டேன், கேட்டேன்" என்று லேசாகச் சிரித்தார். "முந்திரி ஃபாக்டரியில செங்கோட்டைப் பெண்ணுங்க கூட இருபது வருஷம் வேலை பார்த்தவ நான். அவங்க பேசினதுக்கு முன்னால நீங்க பேசினது ஒண்ணுமே இல்ல."

உள்ளேயிருந்து அண்ணனின் மனைவி பால் விடாத கட்டன் சாயாவும் வாழைப்பழ பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தார். என் மகள் தட்டைப் பார்த்துவிட்டு, "இதுல எறா இருக்கா ஆன்ட்டி?" என்று பயந்துபோய்க் கேட்டாள். மூன்று நாளாக அழுதுகொண்டிருந்த அந்த வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

பெங்களூர் வந்ததும் என் வேனில் வந்த அந்தப் பெண்ணைத் தேடினேன். அவள் வேலை மாறிப் போய்விட்டிருந்தாள். அந்த மன்னிப்பு என் வாய்க்குள்ளேயே இருக்கிறது.

ஒவ்வொரு வருடமும் தசரா லீவில், எங்கள் சர்ச்சில் அந்த அண்ணனுக்காக ஒரு பூசை வைக்கிறோம். ஃபாதர் அவர் பெயரைப் படிக்கும்போது, அவர் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்கும் அவர் முகம் தெரியாது. அந்த முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டியிருந்த தங்கை, அந்த நேரத்தில் என் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.