மாமாவின் தோளில் ஒட்டிய காந்தம்

உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து மாமா எனக்கொரு காந்தம் கழற்றித் தந்தார். அம்மாவின் தம்பியான அவர் தெல்தோட்டையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு வந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. கொழும்பில் கடை வேலை பார்த்தவர் என்று அம்மா ஊரில் சொல்லியிருந்தாள். நானும் அதைத்தான் நம்பினேன்.

காந்தம் பித்தளையை மதிக்காது, இரும்பை விடாது, இடையில் துணியோ தோலோ இருந்தாலும் அதன் இழுப்பு ஊடுருவும் என்று எங்கள் விஞ்ஞான ஆசிரியை சொல்லியிருந்தார். அகப்பட்டதிலெல்லாம் வைத்துப் பார்த்தேன். ஒரு ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து குப்புறப் படுத்திருந்த மாமாவின் தோளிலும் வைத்தேன். ஒட்டிக்கொண்டது.

"சின்னதுல ஆணி குத்துனது பாப்பா. யாருகிட்டயும் சொல்லாத."

சில மாதங்களில் அவர் கால்கள் மரத்துப்போகத் தொடங்கின. முதுகெலும்பை ஸ்கேன் செய்யக் கண்டி ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். அம்மாவோடு நானும் போனேன். அந்த இயந்திரமே ஒரு பெரிய காந்தம் என்று தாதி விளக்கினார்.

"உடம்புக்குள்ள இரும்பு ஏதும் இருக்கா?"

"இல்லைங்க," என்றார் மாமா. அம்மா தரையைப் பார்த்தாள்.

பாடம் படித்தவளல்லவா நான்? "இருக்கு மிஸ், தோள்ல. காந்தம் பிடிக்குது!"

எக்ஸ்றே எடுத்தார்கள். ஆணி இல்லை, தோளிலிருந்து இடுப்புவரை ஏழு இரும்புத் துண்டுகள். உள்ளே அனுப்பியிருந்தால் அவை நகர்ந்து நரம்பைக் கிழித்திருக்கலாம் என்றார் டாக்டர். வேறு வகை ஸ்கேன் எடுக்கலாம், புதன்கிழமை வாருங்கள், ஆனால் இது எங்கே பட்டது என்று எழுத வேண்டும் என்றார். மாமா சட்டைப் பொத்தானைத் தப்புத் தப்பாகப் பூட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அம்மா என்னை அறைந்தாள். மாமா தடுத்தார்.

"விடுக்கா. புள்ள நம்ம உசுரக் காப்பாத்தியிருக்கு."

அவர் வன்னிக்கு வயல் கூலியாகப் போய், யுத்தம் முடிந்த பின்தான் திரும்பியவர் என்பது வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஷெல் பட்ட காயம் என்று எழுதினால் புலியென்று பிடித்துப் போவார்கள் என்று பயந்திருக்கிறார்.

புதன்கிழமை கம்பூன்றித் தனியே புறப்பட்டார். மாலையில் வந்து, "டாக்டர் வரல," என்றார். அடுத்த புதனும் அதையே சொன்னார். அதற்கடுத்த புதனும். பஸ் நிலையத்து வாங்குப் பலகையில் பகல் முழுதும் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார் என்பதும் பின்னாளில்தான் தெரிந்தது.

மறு வருடம் அவரைத் தூக்கித்தான் வெயிலில் வைத்தோம். அப்போதும் நான் மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்தேன், அந்த டாக்டருக்குச் சுகம் கொடுத்துச் சீக்கிரம் வேலைக்கு அனுப்பிவிடும்படி.