அம்மிணிக்குப் போர்த்திய கம்பளி

அத்தையின் கிளி எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டில் வந்து இறங்கியபோது அப்பா வீட்டில் இருந்தார். அதுதான் முதல் சிக்கல். அவர் தொழிற்சாலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து அம்மா எல்லாவற்றையும் ஏற்பாடு செய்திருந்தாள். அன்றைக்கென்று பார்த்துத் தேயிலை அரைக்கிற மிஷின் ரிப்பேராகி, அப்பா பத்து மணிக்கே திரும்பி வந்து கட்டிலில் கால் நீட்டிக்கொண்டிருந்தார்.

கூண்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றவர் அத்தையின் வீட்டுக்காரர், அதாவது என் மாமா. பெருமாட்டி என்கிற ஊர்க்காரர். ஒரு காலத்தில் எங்கள் பீர்மேட்டுப் பக்கம் தேயிலை ஏற்ற வந்த லாரி டிரைவர். தேயிலையை ஏற்றினாரோ இல்லையோ, அப்பாவின் ஒரே தங்கையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் வேதக்காரர்கள், அவர் இந்து. கல்யாணம் ரிஜிஸ்தர் ஆபீசில் நடந்தது. அன்றிலிருந்து ஏழு வருடமாக அப்பா தங்கையோடு பேச்சில்லை. ராத்திரி ஜெபத்தில் சொந்தக்காரர் பேரையெல்லாம் வரிசையாகச் சொல்லி ஆசீர்வாதம் கேட்பவர், அத்தை பேர் வரும் இடத்தில் ஒரு இருமல் இருமிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். அந்த இருமலுக்குள் அம்மா அத்தையின் பேரை முணுமுணுத்துவிடுவாள். கர்த்தருக்கு எது கேட்டதோ தெரியாது.

மாமாவைப் பார்த்ததும் அப்பா எழுந்து பின்வாசல் வழியாக விறகு பிளக்கப் போய்விட்டார். விறகு ஏற்கெனவே பிளந்துதான் கிடந்தது.

"ஏனுங்க்கா, தண்ணி மட்டும் காலைல ஒருக்கா மாத்துனாப் போதுமுங்க. பழம் கெடைக்கலீன்னாலும் கொழப்பமில்லீங்க, பச்ச மொளகா திம்பா," என்றார் மாமா. பிறகு என் தலையைத் தடவி, "கண்ணு, அம்மிணிய நல்லாப் பாத்துக்கோணும்," என்றார். அம்மிணி என்பது கிளியின் பெயர்.

விஷயம் இதுதான். ஏழு வருடம் கழித்து அத்தை உண்டாகியிருந்தாள். கட்டிலை விட்டு இறங்கவே கூடாதென்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கிளியின் தூசி ஆகாது, குழந்தை பிறக்கும்வரை வேறெங்காவது விடுங்கள் என்றும் சொல்லிவிட்டாராம். அந்த வேறெங்காவதுதான் நாங்கள். பெருமாட்டியிலிருந்து பீர்மேட்டுக்கு ஒரு பகல் முழுக்க மலையும் வளைவுமாக வர வேண்டும். நடுவில் உள்ள அத்தனை ஊரிலும் ஒரு கிளியை வைத்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லையா என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. நான் நாலாம் வகுப்பில் இருந்தேன். அதற்கு மேலும் சில வகுப்புகளில் இருந்தேன், ஆனால் ரொம்ப நாள் இல்லை.

மாமா போனதும் அம்மா என்னைப் பிடித்து நிறுத்தினாள். "இந்தா பாரு, இந்தக் கிளிக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் அத்த தாங்கமாட்டா. இப்ப அவ அழக் கூடாது, பதறக் கூடாது. உன் சேட்டைய எல்லாம் இதுட்ட காட்டுன, தோல உரிச்சிருவேன்."

அப்பா மூன்று நாள் கிளியைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அம்மிணி அவரை விடவில்லை. "ஏனுங்க! ஏனுங்க!" என்று அத்தையின் குரலிலேயே கூப்பிடும். அப்பா சட்டென்று திரும்பிவிடுவார். பிறகு கிளிதான் என்று தெரிந்து முகத்தை இறுக்கிக்கொள்வார். நான்காம் நாள் சாயங்காலம் பனி இறங்கியது. எங்கள் பக்கத்துப் பனி கதவைத் தட்டாமல் நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். கிளி உடம்பை உப்பிக்கொண்டு பந்து மாதிரி ஆகிவிட்டது. அப்பா எழுந்து போய்த் தன் கம்பளியை எடுத்துவந்தார். எஸ்டேட்டில் தருகிற கம்பளி. அதை எனக்கே தரமாட்டார். கூண்டின் மேல் போட்டுவிட்டு, "வெக்க பூமியில கெடந்த சீவன். இந்தக் குளுரு ஆகுமா?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அங்கேதான் சண்டை ஆரம்பித்தது.

அம்மாவிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. எங்கள் லயத்தில் அதற்கு ஒரே ஓர் இடத்தில்தான் டவர் கிடைக்கும்: குழாயடியில், துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றால். தினமும் ஆறு மணிக்கு அத்தை கூப்பிடுவாள். அம்மா அடுப்பில் இருப்பாள், அதனால் கல்லின் மேல் நிற்பது என் வேலை. இருபது அடி தள்ளி எங்கள் வாசலில் அப்பா பீடியோடு உட்கார்ந்திருப்பார். போனைப் பார்க்கவே மாட்டார், காது மட்டும் குழாயடிப் பக்கம் இருக்கும்.

கம்பளி போர்த்திய கதையை நான் சொன்னதும் அத்தை பதறினாள். "அய்யோ, முழுசா மூட வேண்டாம்னு அண்ணன்ட்ட சொல்லு. கும்மிருட்டா இருந்தா அது பயந்துக்கும். குளுருக்கு மூணு பக்கம் மூடிட்டு ஒரு பக்கம் தொறந்து வச்சாப் போதும்."

நான் கல்லை விட்டு இறங்கி வாசலுக்கு ஓடினேன். ஓடும்போதே அந்தச் சேதி எனக்குச் சப்பென்று இருந்தது. கொஞ்சம் மசாலா போட்டேன்.

"அப்பா, உங்களுக்குக் கிளியப் பத்தி ஒண்ணுமே தெரியாதுன்னு அத்த சொல்லுதாவ."

அப்பாவின் மீசை துடித்தது. ஏழு வருடமாக அத்தை பேரைச் சொன்னால் எழுந்து போகிறவர், அன்றைக்கு எழுந்து போகவில்லை. "யாருக்குலே தெரியாது? இங்க எறங்குத பனிக்கு மாடே வெடவெடங்குது. மூடாம வச்சா காலையில கட்டையாத்தான் கெடக்கும்னு சொல்லு."

மறுபடியும் கல்லுக்கு ஓடினேன். "அத்தே, உங்க ஊரு வெயில்ல உங்க மூளை உருகி ஓடிருச்சுன்னு அப்பா சொல்லுதாவ."

அழுகிறாளோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பிறகு மெல்ல, "அண்ணன் அப்படியா சொன்னாரு? இன்னொரு தடவ சொல்லு, எப்படிச் சொன்னாரு?" என்றாள். டவர் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னேன். அவள் சிரித்தாள். மூளை உருகியது என்று சொன்னதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

அதன் பிறகு தினமும் இதுதான் எனக்கு விளையாட்டு. குழாயடிக்கும் வாசலுக்கும் நடுவில் நான் எதைச் சுமந்துகொண்டு ஓடினேனோ, அதில் பாதி நான் தயாரித்தது. அப்பாவின் கம்பளி நாறுகிறதாம் என்றேன். அப்பா கம்பளியை வெந்நீரில் துவைத்துக் காயப்போட்டார். அத்தைக்குக் கிளி வளர்க்கவும் தெரியாது, குழம்பு வைக்கவும் தெரியாதாம் என்றேன். "குழம்ப எதுக்கு இழுக்காரு? அவருக்குப் புளிக்கொழம்பு வச்சதே நான்தான்னு சொல்லு," என்றாள் அத்தை. மூன்று வாரம் இப்படி ஓடியது. இதில் ‘ஒரு பக்கம் திறந்து வை’ என்கிற அசல் சேதி எங்கேயோ கீழே விழுந்துவிட்டது. நானும் குனிந்து எடுக்கவில்லை. அப்பா தினமும் கம்பளியைப் போர்த்துவார்; ஆனால் அது சின்னக் கம்பளி, அடியில் கொஞ்சம் வெளிச்சம் தெரியும்படி நின்றுவிடும். கிளிக்கும் அதுவே போதுமாக இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் காற்று பலமாக அடித்தது. எனக்கு அன்று புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. போகிற போக்கில், "அப்பா, உங்களுக்கு ஒழுங்கா மூடக்கூடத் தெரியலயாம். அடியில காத்து போகுதாம். அத்த சொல்லுதாவ," என்றேன்.

அவ்வளவுதான். அப்பா அம்மாவின் கம்பளியையும் எடுத்துவந்து, இரண்டையும் சேர்த்துப் போர்த்தி, அடிவரை இழுத்து, விறகுக் கட்டுக் கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டினார். முடிச்சு மேல் முடிச்சு. "இப்பப் போயிச் சொல்லு, ஒரு ஊசிகூட நுழையாதுன்னு." வீடு வீடாகத் துணி விற்க வருகிற ஈட்டிக்காரன் மூட்டை மாதிரி இருந்தது கூண்டு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

விடியும்போது தொழிற்சாலைச் சங்கு ஊதியது. தினமும் ஊதுகிற சங்குதான். தினமும் அந்த நேரத்துக்கு அம்மிணிக்கு வெளிச்சம் தெரியும்; சங்கோடு சேர்ந்து அதுவும் ஒரு கத்துக் கத்தும். அன்றைக்குக் கும்மிருட்டில் அந்தச் சத்தம் அதன் தலைமேல் விழுந்தது. கம்பளிக்குள் கூண்டு குலுங்கியது. படபடவென்று இறக்கை கம்பியில் மோதுகிற சத்தம். அம்மா ஓடிவந்து முடிச்சை இழுத்தாள், அவிழவில்லை. அப்பா அரிவாளால் கயிற்றை அறுத்தார். கம்பளியை உருவியபோது கூண்டின் தட்டெல்லாம் பச்சை இறகும் ரத்தமும். அம்மிணி ஒரு மூலையில் வாயைத் திறந்துகொண்டு, ஒரு இறக்கை தொங்க, மூச்சு வாங்கியது.

"போச்சு," என்றாள் அம்மா. "அவளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அடியில் காற்று போகிறதென்று அத்தை சொல்லவே இல்லை என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பா கிளியைக் கம்பளியில் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினார். எங்கே ஓடுகிறார் என்று புரியவில்லை. குழாயடிக்கு! பெரட்டுக்குப் போகுமுன், அதாவது பேர் கொடுத்து வேலைக்கு நிற்குமுன், தண்ணீர் பிடிக்கிற கூட்டம் குடத்தோடு வரிசையில் நின்றது. அப்பா பனியனும் கைலியுமாகத் துவைக்கிற கல்லின் மேல் ஏறி, "போனக் கொண்டாலே!" என்று கத்தினார்.

நான் நம்பரை அழுத்திக் கொடுத்தேன். ஏழு வருடம் கழித்து அப்பா தங்கையோடு பேசிய முதல் வார்த்தை, "ஏட்டி!"

"ஏட்டி, நான்தான். பதறாத. மொதல்ல பதறாத. கிளிக்கு இறக்கையில ரத்தம் வருது. என்ன செய்யணும், சட்டுனு சொல்லு."

அந்த போன் காதில் வைத்தாலும் ஊருக்கே கேட்கும். "அண்ணே," என்றது. பிறகு அத்தை டாக்டரம்மாவையே மிஞ்சும் நிதானத்தில் பேசினாள். "இறகு ஒடிஞ்ச எடத்தப் பாருங்க. இழுத்துறாதீங்க. கோதம்பு மாவ வச்சு வெரலால அமுக்கிப் பிடிங்க. விடாமப் பிடிங்க."

குடத்தோடு நின்ற அடுத்த வீட்டக்கா குடத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஒரு கை மாவு கொண்டுவந்தாள். அப்பா அமுக்கினார். அம்மிணி அவர் கட்டைவிரலைக் கவ்வியது. கிளி கடித்தால் பாக்குவெட்டிதான். அப்பாவின் கண்ணில் தண்ணீர் வந்தது, கையை எடுக்கவில்லை.

"கடிக்குதா?"

"உசுரு போகுதுடீ!"

"கடிச்சா நல்லதுதாங்கண்ணே. தெம்பு இருக்கு. ரத்தம் நிக்குதா?"

மாவு சிவந்தது. இன்னொரு கை மாவு வைத்தார்கள். அதுவும் ஓரத்தில் கொஞ்சம் சிவந்து, அப்படியே நின்றது. வரிசையில் இருந்த அத்தனை பேரும் குடத்தை மறந்து எட்டிப் பார்த்தார்கள். கம்பளிக்குள்ளிருந்து ஈனமான குரலில், "ஏனுங்க," என்றது அம்மிணி.

"நின்னுருச்சு!" என்று யாரோ சொன்னார்கள். அப்பா கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தை அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்த மூச்சு அடுத்த நிமிடம் நின்றது.

"ஏட்டி, நீதானட்டி ஊசி நுழையாம மூடச் சொன்ன?"

"நானா? ஒரு பக்கம் தொறந்து வைங்கன்னு தெனமும் தொண்டத்தண்ணி வத்தச் சொன்னேன். நீங்கதான் என் மூளை உருகி ஓடிருச்சுன்னு…"

"மூளையா? நான் எப்பச் சொன்னேன்?"

பிறகு கல்லின் மேலிருந்தும் போனுக்குள்ளிருந்தும் ஒரே நேரத்தில் "ஏலே!" என்று வந்தது. அதற்குள் நான் தேயிலைக்குள் பாதி தூரம் போயிருந்தேன்.

பசி தாங்காமல் மத்தியானம் திரும்பி வந்தேன். அம்மா தேயிலைக் குச்சி ஒன்றை ஒடித்துத் தயாராக வைத்திருந்தாள். அப்பா அதை அவள் கையிலிருந்து வாங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், அப்பா அந்தக் குச்சியைக் கூண்டுக்குள் தாழ்வாகச் செருகிக்கொண்டிருந்தார், கிளி ஏறாமலே உட்காருவதற்கு. அம்மிணி ஒரு பச்சை மிளகாயின் நுனியைக் கடித்துத் துப்பியது. "போயிச் சோத்தத் தின்னுட்டு வாலே, கள்ளப்பயலே," என்றார் அப்பா. என்னை ஏன் அடிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அடித்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, "இன்னைக்குக் கூண்ட மூடணுமா வேண்டாமான்னு உன் அத்தைட்ட கேக்கணும்," என்றார்.

"அதான் மூணு பக்கம் மூடி ஒரு பக்கம் தொறந்து வைக்கச் சொல்லிட்டாவளே."

"உன் பேச்ச எவன்லே நம்புவான்?" என்றவர், கடிபட்ட விரலில் துணிக் கட்டோடு சட்டையை மாட்டி, கண்ணாடி பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டு தானே குழாயடிக்குப் போனார். போனில் பேசத் தலை சீவிக்கொண்டு போன மனிதரை லயமே பார்த்தது. மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். தினமும் ஒரே கேள்வி, தினமும் ஒரே பதில், ஆனால் அரை மணி நேரம் ஆகும். அப்பாவுக்கு ஞாபகமறதி வந்துவிட்டது, பெரியாஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று அம்மாவிடம் நானே சொன்னேன். அம்மா அடுப்பை ஊதுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்து, டாக்டரம்மா சம்மதித்த பிறகு, மாமா வந்து அம்மிணியைத் தூக்கிக்கொண்டு போனார். இந்த முறை அப்பா விறகு பிளக்கப் போகவில்லை; பஸ் ஏற்றிவிடப் போனார். கூண்டு போனபின் வீடு வெறிச்சென்று இருந்தது. இனி கல்லின் மேல் நிற்கிற வேலை இல்லை என்று நினைத்தேன்.

மறுநாள் ஆறு மணிக்கு அப்பா தலையைச் சீவினார். நான் பின்னாலேயே போய்க் குழாயடியில் நின்று கேட்டேன்.

"ஏட்டி," என்றார் கல்லின் மேல் நின்று, "அங்க கிளிக்கு மூடினியா?"

சித்திரை மாதம் பெருமாட்டியில் மனுஷனே சட்டை போட முடியாது. அங்கே எந்தப் பைத்தியக்காரன் கிளிக்குக் கம்பளி போர்த்துவான்? எங்கள் அப்பாவுக்கு அந்த ஊர் எவ்வளவு வெக்கையானது என்று யாராவது எடுத்துச் சொன்னால் தேவலை என்று நான் ரொம்ப நாள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.